ஒரு நூல் அளவு: ஒட்டுப் போர்வையில் தையல் விடாமல் இருக்க

கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரம். முன்பு அது மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1939-ல் மண்டியா மாவட்டம் தனியாகப் பிரிந்தது. அப்போது மேல்கோட்டையும் அதோடு போனது.

ஊர் மலைமேல் இருக்கிறது. செலுவ நாராயணர் கோயில் அங்கே உண்டு. பங்குனி மாதத்தில் வைரமுடித் திருவிழா நடக்கும். இராமானுசர் பல ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தார். அதனால் கன்னட நாட்டின் நடுவே இருந்தாலும், அங்குள்ள பல வீடுகளில் இன்றும் தமிழ் கேட்கும்.

கோயிலுக்கு மட்டுமல்ல, கைத்தறிக்கும் அது பெயர் பெற்ற ஊர். கரை போட்ட வேட்டிகள் அங்கே நெய்யப்படுகின்றன. 1960-ல் சுரேந்திர கௌலகி என்பவர் அங்கே ஜனபத சேவா டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். கதர் நெசவும் அதன் வேலைகளில் ஒன்று.

தறி இருக்கும் ஊரில் துண்டுத் துணியும் இருக்கும். மலைமேல் இருக்கும் ஊரில் குளிரும் இருக்கும். துண்டுத் துணியும் குளிரும் சேர்ந்தால் அங்கே ஒட்டுப் போர்வைக்கு வேலை வந்துவிடும்.

கன்னடத்தில் இதற்குக் கௌதி என்று பெயர். பழைய சேலை, பழைய வேட்டி, சட்டைத் துணி எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்து ஓட்டத் தையல் போட்டுத் தைப்பார்கள். வடகர்நாடகத்தில் இது மிகுதி. வங்காளத்தில் இதே போன்ற போர்வையைக் காந்தா என்கிறார்கள். பீகாரில் சுஜனி என்கிறார்கள். நம் பக்கத்தில் பழந்துணிப் போர்வை, ஒட்டுப் போர்வை என்கிறோம். பெயர் எதுவானாலும் பழைய துணி வீணாகாமல் உடம்புக்குச் சூடு தருகிறது.

பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கப் பாட்டியின் சேலையில் போர்வை தைப்பது பல வீடுகளில் வழக்கம். பாட்டி இப்போது இல்லாமல் இருக்கலாம். அந்தச் சேலை கடையில் கிடைக்காது. அதைத் தப்பாக வெட்டினால் மறுபடி வாங்க முடியாது. தைத்த தையல் முதல் சலவையிலேயே விட்டுப்போனால் மனசு எப்படி இருக்கும்?

விற்பனைக்குத் தைப்பவர்களுக்கு வேறு கவலை. வாங்க வருகிறவர் போர்வையை விரித்துப் பார்க்கிறார். இரண்டு ஒட்டு சேரும் இடத்தில் இரு கையாலும் பிடித்து இழுக்கிறார். தையலில் பல் தெரிந்தால் போதும், "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். பதினைந்து நாள் வேலை அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது.

ஆகவே தையல் ஏன் விடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

துணியைப் பாருங்கள்

"அக்கா, போன வாரம்தான் தைத்தேன். ஒரே சலவையில் ஒட்டெல்லாம் சுருங்கிப் போச்சு. நூல் சரியில்லையா?"

"நூலைக் குறை சொல்லாதே. புதுத் துணியையும் பழைய துணியையும் சேர்த்துத் தைத்தாயா?"

"ஆமாம் அக்கா."

"புதுத் துணியை முதலில் நனைத்தாயா?"

"இல்லையே!"

இந்தப் பேச்சைப் பல ஊர்களில் கேட்கலாம். பழைய துணி நூறு முறை தண்ணீர் கண்டது. இனிமேல் அது சுருங்காது. புதுக் கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். நனைத்தால் கஞ்சி போகும், துணி சுருங்கும். பக்கத்தில் இருக்கும் பழைய துணி சுருங்காது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தையல்தான் இழுபடும்.

எனவே புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். அலசிக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, பிறகு வெட்டுங்கள். சாயம் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், மறுபடி மறுபடி அலசுங்கள். அப்படியும் நிறம் நிற்கவில்லையா? அந்தத் துணியை வெளிர் நிறத் துணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பழைய சேலையில் எல்லா இடமும் ஒரே வலுவாக இருக்காது. உட்கார்ந்து தேய்ந்த இடமும், கால் படும் கீழோரமும் நைந்திருக்கும். முந்தானையும் இடுப்பில் சுற்றும் உள்பகுதியும் வலுவாக இருக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கட்டை விரலையும் பக்கம் பக்கமாக வைத்து லேசாக இழுங்கள். இழை விலகினால் அந்த இடம் மேல் துணிக்கு ஆகாது. அதைத் தூக்கி எறிய வேண்டாம். போர்வையின் நடு அடுக்கில் வையுங்கள். அங்கே அது பஞ்சுபோலச் சூடு தரும், யாரும் இழுக்கப் போவதில்லை.

பட்டுத் துண்டைப் பருத்தியோடு கலக்கப் பலருக்கும் ஆசை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் கிழியும். பருத்தியைப் போல அடித்துத் துவைக்கவும் முடியாது. சுவரில் தொங்கவிடும் அலங்காரத் துணிக்குப் பட்டு பொருந்தும். போர்த்திக்கொள்ளும் போர்வைக்குப் பருத்தியே நல்லது.

வெட்டும்போது

துணியில் நெடுக்கே ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இந்த இரண்டின் வழியாக வெட்டினால் துணி நீளாது. மூலைவாட்டில் வெட்டினால் ரப்பர் போல நீளும். நீண்ட விளிம்பைத் தைத்தால் தையல் அலை அலையாக வரும். பிறகு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அடங்காது.

கைத்தறித் துணியில் ஒரு வசதி உண்டு. ஓர் இழையைப் பிடித்து உருவினால் நேர்கோடு தெரியும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். சதுரத் துண்டுகளுக்குக் கெட்டி அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டையும் அந்த அட்டையை வைத்தே வரையுங்கள். வெட்டிய துண்டை வைத்து அடுத்த துண்டை வெட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். பத்தாவது துண்டு முதல் துண்டைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒரு நூல் கணக்கு

தையல்காரரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்று பெயர். 8 நூல் 1 அங்குலம். 2 நூல் கால் அங்குலம்.

ஒரு போர்வைக்கு 6½ அங்குலச் சதுரத் துண்டுகள் வெட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரு வரிசைக்கு 10 துண்டு. தையலுக்கு 2 நூல் உள்ளே போகும். தைத்த பிறகு வரிசை எவ்வளவு இருக்கும்?

10 துண்டும் சேர்ந்து 65 அங்குலம். 10 துண்டுக்கு நடுவே 9 தையல். ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து 4 நூல், அதாவது அரை அங்குலம் உள்ளே போகும். 9 தையலுக்கு 4½ அங்குலம். 65-ல் 4½ போனால் 60½ அங்குலம்.

அடுத்த வரிசையை வேறொருவர் தைக்கிறார். அவர் 2 நூலுக்குப் பதில் 3 நூல் விட்டுத் தைக்கிறார். ஒரு தையலுக்கு 6 நூல் உள்ளே போகும். 9 தையலுக்கு 54 நூல். அது 6¾ அங்குலம். 65-ல் 6¾ போனால் 58¼ அங்குலம்.

இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் 2¼ அங்குலம்! ஒரு நூல் தப்புதான் செய்தார். ஆனால் வரிசைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. சேர்க்க வேண்டுமென்று குட்டையான வரிசையை இழுத்துத் தைப்பார்கள். இழுத்த தையல்தான் முதலில் அறுந்துபோகும்.

பலர் சேர்ந்து தைக்கும் இடத்தில் இந்தத் தொல்லை அதிகம். அதற்கு ஒரு வழி உண்டு. தையல் எந்திரத்தின் ஊசிக்குக் கீழே அங்குல நாடாவை வையுங்கள். ஊசியை மெதுவாக இறக்கி, நாடாவின் 2 நூல் கோட்டில் நிற்க வையுங்கள். நாடாவின் முனை எங்கே இருக்கிறதோ அங்கே எந்திரத் தகட்டின்மேல் பிளாஸ்திரித் துண்டு ஒன்றை நேராக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லா எந்திரத்திலும் இப்படிச் செய்யுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று சோதிக்கலாம். 2½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டித் தையுங்கள். இஸ்திரி போட்டு நடுப்பட்டையை அளங்கள். சரியாக 2 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்திரியை ஊசிப் பக்கம் சற்று நகர்த்துங்கள். கூடினால் விலக்கி ஒட்டுங்கள். துணி மடிவதற்கும் மயிரிழை அளவு துணி செலவாகும். அதனால் முதல் சோதனையிலேயே சரியாக வந்துவிட்டால் அது அதிர்ஷ்டம்தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. 2 நூல் என்பது நெருக்கமாக நெய்த மில் துணிக்குப் போதும். கைத்தறியும் கதரும் பிசிர் விடும். ஓரத்திலிருந்து இழை இழையாக உதிர்ந்து, கடைசியில் தையலையே தொட்டுவிடும். அப்போது நூல் அறுவதில்லை. தையல் முழுதாக இருக்கும், துணி மட்டும் நழுவி வெளியே வந்துவிடும். மேல்கோட்டை போன்ற ஊரின் தறித் துணியில் போர்வை தைத்தால் 4 நூல் விடுவதே பாதுகாப்பு. துணி கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும். அதற்கேற்பத் துண்டை 7 அங்குலமாக வெட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எந்திரத்தில் வரும் தொல்லைகள்

அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் விழ வேண்டும். 6 அல்லது 7 மட்டும் விழுந்தால் தையலில் பல் தெரியும். மிக நெருக்கமாக விழுந்தாலும் கெடுதல்தான். ஊசித் துளைகள் வரிசையாகச் சேர்ந்து, தபால்தலை கிழிவதுபோல நைந்த துணி கிழியும்.

துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறதா? மேல் நூல் தளர்ந்திருக்கிறது. நூலைச் சரியாகக் கோத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே குறை இருக்கும். கோர்வை சரியாக இருந்தால் மட்டும் டென்ஷன் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். வளையம் மேல்பக்கம் தெரிந்தால் மேல் நூல் மிகவும் இறுகியிருக்கலாம், அல்லது பாபின் நூல் தளர்ந்திருக்கலாம்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றுங்கள். கண்ணாடிமேல் படுக்க வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் வெளிச்சம் சமமாகத் தெரியாது. வளைந்த ஊசியை எறிந்துவிடுங்கள். ஓர் ஊசியின் விலைக்காக ஒரு போர்வையைக் கெடுப்பது கணக்கில் சேராது. பருத்தித் துண்டுகளை இணைக்க 14-ஆம் எண் ஊசி போதும். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க 16-ஆம் எண் வேண்டும்.

தையல் சுருங்கி வந்தால்? எந்திரத்தின் பல் கீழ்த்துணியை முன்னே தள்ளும், மேல்துணி பின்தங்கும். நீளமான வரிசைகளில் இது நன்றாகத் தெரியும். துணியை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் குண்டூசி குத்தி வையுங்கள். ஒரு வரிசையை இடமிருந்து தைத்தால் அடுத்ததை வலமிருந்து தையுங்கள். குண்டூசிமேல் எந்திரத்தை ஓட்டாமல், ஊசி வருமுன் எடுத்துவிடுங்கள்.

எந்த நூல் வாங்குவது என்று பலர் கேட்பார்கள். பழைய மெல்லிய பருத்திக்கு முரட்டு நூல் வேண்டாம். நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். துணி அறுந்தால் என்ன செய்வது? பருத்தித் துணிக்கு நல்ல பருத்தி நூலே பொருத்தம்.

நாலு மூலை சேரும் இடம்

நாலு துண்டும் சேரும் மூலை பெரிய தலைவலி. அங்கே துணி மேடாகும். எந்திரம் முட்டி நிற்கும். தையலும் விலகும்.

முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டாம் வரிசையில் எல்லாவற்றையும் இடப்பக்கம் சாயுங்கள். இரண்டு வரிசையையும் முகத்துக்கு முகம் வைத்தால், மடிப்புகள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தையுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் தேய்த்து இழுக்க வேண்டாம். வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். தேய்த்தால் துண்டு கோணிவிடும். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில், சொம்பில் கொதிநீர் ஊற்றி அதன் அடியால் அழுத்தலாம். நகத்தால் கீறி மடித்தாலும் ஓரளவு படியும்.

கௌதியில் தையல் ஏன் விடுவதில்லை?

வடகன்னட மாவட்டத்தில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் கௌதி மிகவும் பெயர் பெற்றது. அந்தப் பெண்கள் எந்திரம் வைத்துக்கொள்வதில்லை. அளவு அட்டையும் இல்லை. ஆனாலும் அவர்கள் போர்வையில் ஒட்டு எளிதில் பெயராது.

காரணம் இதுதான். எந்திரத்தில் நாம் துண்டோடு துண்டை இணைக்கிறோம். போர்வையின் பாரம் முழுவதும் அந்த ஒற்றைத் தையலில் தொங்குகிறது. சித்திப் பெண்கள் அடியில் ஒரு முழுச் சேலையை விரிக்கிறார்கள். அதன்மேல் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டத் தையல் போடுகிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். தையல் வரிசைகள் நெருக்கமாக இருக்கும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த வரிசை தாங்கும். பாரத்தை முழுச் சேலை சுமக்கிறது. கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்களும் வயலில் உழைத்துத் தேய்ந்த உடைகளில் போர்வை தைத்தார்கள். 2002-ல் அந்தப் போர்வைகளை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் மாட்டிக் காட்டினார்கள். கோணலான ஒட்டுகளும் அவற்றில் உண்டு. கோணல் வேறு, தையல் விடுவது வேறு. கோணலை அழகு என்று சொல்லலாம். விட்டுப்போன தையலை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எந்திரத்தில் ஒட்டு சேர்ப்பவர்களும் கௌதியின் வழியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடியுங்கள். பிறகு கையால் மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டத் தையல் போடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டு விரல் அகலம் போதும். ஒரு முழத்துக்கு மேல் நீளமான நூல் கோக்காதீர்கள். நீள நூல் சிக்கும், தேயும், நடுவில் அறும்.

விட்டுப்போன தையலை எப்படிச் சரிசெய்வது?

தைக்கும்போதே தப்பு தெரிந்தால் பிரித்துவிடுங்கள். துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழிக்காதீர்கள். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டுங்கள். மறுபக்கம் நூலை உருவினால் முழுதாக வந்துவிடும்.

தைத்து முடித்த போர்வையில் தையல் விட்டால் வேறு முறை. அடுக்குகளைப் பிரிக்க வேண்டாம். மேலேயிருந்தே மறைதையல் போடலாம்.

முதலில் இரண்டு விளிம்பையும் பழைய மடிப்பின்படி உள்ளே மடித்துக் குண்டூசி குத்துங்கள். விட்ட இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே தொடங்க வேண்டும். முடிச்சு மடிப்புக்குள் மறையட்டும். ஊசியை ஒரு பக்க மடிப்புக்குள் ஒரு நூல் தூரம் ஓட்டி வெளியே எடுங்கள். நேர் எதிரே மறுபக்க மடிப்புக்குள் ஒரு நூல் தூரம் ஓட்டுங்கள். இப்படி மாறி மாறி ஐந்தாறு தையல் போட்டால் ஏணிபோலத் தெரியும். இப்போது நூலை மெதுவாக இழுங்கள். வாய் மூடிக்கொள்ளும், நூல் வெளியே தெரியாது. விட்ட இடத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை தைத்து, இரண்டு சிறு முடிச்சுப் போடுங்கள். ஊசியை நடு அடுக்குக்குள் ஓர் அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து நூலை வெட்டுங்கள்.

விளிம்பு பிசிர் விட்டுத் துணியே போதாமல் இருந்தால் மறைதையல் பயன்படாது. இழுத்துச் சேர்த்தால் பக்கத்துத் தையலும் விடும். அங்கே 2 அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். ஓரங்களை 2 நூல் உள்ளே மடித்து, விட்ட தையலை மூடும்படி வைத்து எம்மிங் போடுங்கள். பட்டையின் பாவு போர்வையின் பாவோடு ஒரே பக்கம் ஓடட்டும். நிறம் ஒத்துப்போகவில்லை என்று வருந்த வேண்டாம். அது ஒட்டுப் போர்வைதானே!

துவைக்கும்போது

நன்றாகத் தைத்த போர்வையும் துவைக்கும் கல்லில் கெட்டுப்போகும். தண்ணீர் குடித்த போர்வை கனக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அவ்வளவு கனமும் சில தையல்களில் தொங்கும். கல்லில் அடிக்காமல் வாளியில் அமுக்கி அமுக்கித் துவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். ஒரே கொடியில் போடாமல் பக்கம் பக்கமாக இரண்டு கொடிகளில் படரவிடுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் உள்பக்கம் வெளியே இருக்கட்டும், நிறம் வெளுக்காது.

கணக்குப் போடுங்கள்

1. 7 அங்குலத் துண்டு 10 எடுத்து ஒரு வரிசை தைக்கிறோம். தையலுக்கு 4 நூல் விடுகிறோம். வரிசையின் நீளம் என்ன?

2. ஒரு வரிசையில் 12 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் கூடுதலாக உள்ளே தைத்துவிட்டோம். வரிசை எத்தனை அங்குலம் குறையும்? (ஒரு தையலில் இரண்டு துண்டின் ஓரமும் சேர்கிறது.)

விடை: 1) 61 அங்குலம். 2) 11 தையல், 22 நூல், அதாவது 2¾ அங்குலம்.